ஹெலிகனின் கொல்லைப்புறம்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் கடற்கரையில் உள்ள மெவகிஸ்ஸி என்னும் மீனவ ஊருக்கு அருகே ஹெலிகன் என்றொரு பண்ணை மாளிகை இருக்கிறது. பழைய கார்னிஷ் மொழியில் அச்சொல்லுக்கு வில்லோ மரம் என்று பொருள். 1569-இல் ட்ரிமெய்ன் குடும்பத்தின் கைக்கு வந்த அந்த இடம் நானூறு ஆண்டுகளுக்கு மேல் அவர்களிடமே இருந்தது. இத்தகைய மாளிகைகளின் வரலாறு பெரும்பாலும் யார் கட்டினார், யார் விரிவுபடுத்தினார், யார் யாரை மணந்தார் என்ற வரிசையில்தான் எழுதப்படுகிறது. ஹெலிகனில் மட்டும் அந்த வரலாற்றை மாளிகையின் காய்கறித் தோட்டம் தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது.

பண்ணை மாளிகைகளின் காய்கறித் தோட்டத்தை நம் வீட்டுக் கத்தரிப் பாத்தியோடு ஒப்பிட இயலாது. அதைச் சுற்றி உயரமான செங்கல் மதில் நிற்கும். மதில் பகலில் வெயிலை உறிஞ்சி இரவில் மெல்ல வெளிவிடும். அந்தக் கதகதப்பில் பீச் மரங்களைச் சுவரோடு சேர்த்துக் கட்டி வளர்ப்பார்கள். சீமான் வீட்டு விருந்தில் பருவம் தப்பிய பழத்தைப் பரிமாறுவது கௌரவம். அந்தக் கௌரவத்தின் உச்சம் அன்னாசி.

தென் அமெரிக்காவில் பிறந்து, போர்த்துக்கீசியர் வழியாக நம் மண்ணுக்கும் பெயரோடு வந்து சேர்ந்த அதே அன்னாசிதான். இங்கே வேலியோரத்தில் தானாக வளர்வது, அங்கே இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஊழியம் கேட்டது. தரைக்குள் ஒரு குழி, மேலே கண்ணாடிக் கூரை, இருபுறமும் நீண்ட பள்ளங்கள். பள்ளங்களில் பச்சைக் குதிரைச் சாணத்தை நிரப்புவார்கள். சாணம் புளித்துச் சூடேற, இடைச்சுவரின் துளைகள் வழியே வெப்பம் குழிக்குள் பரவும். சூடு தணிந்ததும் வாரிக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். பனியிலும் இரவிலும் இந்த வேலைக்கு ஓய்வில்லை. ஒரு பழத்துக்காக எத்தனை வண்டிச் சாணம்! மேசையில் அதை வெட்டித் தின்றவர்களுக்கு அந்த நாற்றம் தெரிந்திருக்க நியாயமில்லை.

முதல் உலகப் போருக்கு முன் ஹெலிகன் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். 1914-இல் போர் வந்தது. பலர் படையில் சேர்ந்தனர். அவர்களில் பலர் திரும்பவில்லை. மாளிகை, காயமுற்ற அதிகாரிகள் உடல்தேறும் விடுதியாக மாறியது. போருக்குப் பின் ஜாக் ட்ரிமெய்ன் இத்தாலிக்குக் குடிபெயர்ந்தார். வீடு வாடகைக்குப் போயிற்று. 1970-களில் அதைப் பல குடியிருப்புகளாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத்தை யாரும் விற்கவுமில்லை, பேணவுமில்லை. முட்செடியும் ஐவிக் கொடியும் மதிலை மூடின.

1990-இன் தொடக்கத்தில் பெரும் புயலொன்று அங்கே மரங்களைச் சாய்த்தது. அதை அடுத்து, ட்ரிமெய்ன் வழித்தோன்றலான ஜான் வில்லிஸும் டிம் ஸ்மிட்டும் புதரை வெட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தனர். மதில் மூலையில், கூரை சரிந்த சிற்றறை ஒன்று தென்பட்டது. தோட்டக்காரர்களின் கழிப்பறை. 'தண்டர்பாக்ஸ்' அறை என்று கொச்சையாக அதற்குப் பெயர். (கொல்லை என்ற நம் சொல்லும் தோட்டத்தையும் குறிக்கிறது, 'கொல்லைக்குப் போவதையும்' குறிக்கிறது.) அதன் சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால் எழுதிய கையெழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. தேதி, 1914 ஆகஸ்ட்.

சாணம் வாரியவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதி வைத்த இடம் அது. மாளிகையின் முகப்பில் அதற்கு இடம் கிடைத்திருக்காது.

தோட்டத்தை மீட்கும் வேலை அந்தக் கையெழுத்துகளிலிருந்துதான் வேகம் பெற்றது. சீமான்களின் பெருமையை விட்டு, உழைத்தவர்களின் கதையைச் சொல்வது என்று மீட்டவர்கள் தீர்மானித்தார்கள். எனக்கு அதுவே அவர்கள் செய்த பெரிய காரியமாகப் படுகிறது. அன்னாசிக் குழியையும் பழைய முறையிலேயே, குதிரைச் சாணச் சூட்டிலேயே இயக்கினார்கள். 1997-இல் பழம் கிடைத்தது. முதல் பழத்தைத் தாங்களே சுவைத்துப் பார்த்துவிட்டு, இரண்டாவதை எலிசபெத் அரசியின் ஐம்பதாம் திருமண நாளுக்கு அனுப்பினார்கள். பழம் மறுபடியும் மேல்நோக்கியே பயணப்பட்டது என்பது வேடிக்கைதான்.

2013-இல் லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் அந்தக் கழிப்பறையை 'வாழும் நினைவிடம்' என அங்கீகரித்தது. தோட்டத்தைக் காண உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள். மாளிகை தனியார் குடியிருப்பு. அதற்குள் பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை.