வஹாக்கா ஓல்ட் ஃபேஷன்ட்

வஹாக்கா ஓல்ட் ஃபேஷன்ட் என்பது டெக்கீலா, மெஸ்கால் என்னும் இரு மெக்சிகோ மதுவகைகளைப் பனிக்கட்டியோடு கலக்கிச் செய்யும் காக்டெய்ல். நியூயார்க்கின் ‘டெத் அண்ட் கோ’ மதுக்கூடத்தில் ஃபில் வார்ட் 2007இல் இதனை உருவாக்கினார். வஹாக்கா, மெஸ்காலுக்குப் பேர்போன மெக்சிகோ மாநிலம்.

வரலாறு

சாராயம், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் (கசப்பு மூலிகைச் சாறு) நான்கும் சேர்ந்ததே காக்டெய்ல் என 1806இல் நியூயார்க் மாநில ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்று விளக்கியது. பிற்காலத்தில் புதுச் சேர்மானங்கள் பெருகியதும், பழைய முறைக்கே ‘ஓல்ட் ஃபேஷன்ட்’ என்ற பெயர் நின்றது. லூயிவில் நகரின் பென்டெனிஸ் கிளப்பில் அது பிறந்தது என்பது பின்னாளில் கட்டிய கதை.

மெஸ்கால் ஆகேவ் செடியிலிருந்து வடிக்கப்படுகிறது. மடல்களைச் சீவிய நடுத்தண்டைச் சூடேறிய கற்கள் பரப்பிய குழியிலிட்டு, மண்மூடிப் பல நாள் வேகவைப்பர். புகைமணம் ஏறுவது அங்கேதான். பின்னர் நசுக்கி, புளிக்கவைத்து, வடிப்பர். ஸ்பானியரின் மணிலா வணிகக் கப்பல்களில் வந்த பிலிப்பைன்ஸ் மக்கள் மெக்சிகோவின் கொலிமா கரையோரத்தில் தென்னங்கள்ளை வடித்துவந்தனர். ஆகேவ் வடிப்புக்கும் அதுவே வழிகாட்டி. ஐரோப்பியர் வருகைக்கு முன்பே வடிப்பு இருந்தது என்பதற்குப் போதிய சான்றில்லை.

வகைகள்

மெஸ்கால் 1994இல் புவிசார் பெயர்க்காப்புப் பெற்றது. 2016ஆம் ஆண்டு விதி அதனை மூன்றாகப் பிரிக்கிறது. ‘மரபுவழி’ வகையை மண்பானையில், நேரடித் தீயில் மட்டுமே வடிக்கலாம். ‘கைவினை’ வகைக்குச் செப்புக் கொப்பரையும் ஏற்கப்படும். வெறும் ‘மெஸ்கால்’ ஆலை இயந்திரங்களிலும் தயாராகலாம்.

செய்முறை

ரெப்போசாடோ (மரப்பீப்பாயில் சில மாதம் வைத்த) டெக்கீலா 45 மி.லி., மெஸ்கால் 15 மி.லி., ஆகேவ் பாகு ஒரு சிறு கரண்டி, அங்கோஸ்துரா பிட்டர்ஸ் இரண்டு உதறல் ஆகியவற்றை உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி, பனிக்கட்டி நிரப்ப வேண்டும். நீள்காம்புக் கரண்டியின் முதுகு குவளைச் சுவரை உரசியபடி சுற்ற, சுமார் அரை நிமிடம் கலக்க வேண்டும். பழச்சாறு இல்லாததால் குலுக்கத் தேவையில்லை. குலுக்கினால் காற்றுக் குமிழ்கள் புகுந்து பானம் கலங்கிவிடும். உருகத் தொடங்கிய ஈரப் பனிக்கட்டி பானத்தை அளவுக்குமேல் நீர்க்கச் செய்யும். பெரிய பனிக்கட்டி ஒன்றிட்ட குட்டைக் குவளையில் வடித்து, ஆரஞ்சுத் தோல் துண்டைத் தீக்குச்சிச் சுடர்மேல் பிழிந்தால், தெறிக்கும் எண்ணெய் பற்றியெரிந்து மேற்பரப்பில் மணம் படியும்.

வார்ட் 2009இல் தொடங்கிய ‘மாயாவெல்’ மதுக்கூடம் 2017இல் மூடப்பட்டது. ஆயினும் வஹாக்கா ஓல்ட் ஃபேஷன்ட் இன்று பல நாடுகளில் அருந்தப்படுகிறது.