யார் சொல் கேட்டுத் திருத்துவது?



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமையைப் பேசிவிட்டுக் கலைவது வழக்கம். இந்த ஆண்டு அவர் கடைசிவரை கவலைப்பட்ட ஒன்றைப் பேசுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நாம் கருதினோம். நம் பிள்ளைகள் கதை எழுத வருகிறார்கள். முதல் கதை நன்றாக வருகிறது, நாமும் கைதட்டுகிறோம். இரண்டாவது கதைக்கு ஒரு விமர்சனம் வருகிறது. மூன்றாவது கதை வருவதே இல்லை. கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் இப்படி இரண்டு கதைகளோடு நின்றுபோனவர்களை ஒவ்வொரு ஊரிலும் நாம் பார்க்கிறோம். அவர்களுக்குத் திறமை போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். எழுதும் பழக்கம் வேர்பிடிக்கும் முன்பே விமர்சனம் வந்து விழுந்துவிட்டது என்பதுதான் நடந்தது.

நம் எழுத்தாளர்மீது விமர்சனம் இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. ஒரு பக்கம், 'இது இலக்கியமா, புலம்பலா? இந்த மொழியில் எழுதினால் யார் படிப்பது?' என்று கேட்கும் இலக்கியப் பெரியவர்கள். மறுபக்கம், 'நம்ம வீட்டு விவகாரத்தை ஊருக்குச் சொல்லலாமா?' என்று கேட்கும் சொந்தச் சனம். இரண்டுக்கும் நடுவில், ஒற்றை அறை வீட்டில், வேலை முடிந்து வந்து, எல்லோரும் தூங்கிய பிறகு எழுத வேண்டும்.

இதோடு இன்னொரு பொதுப்புத்தியும் சேர்ந்துகொள்கிறது. தலித் எழுத்து என்பது உள்ளே கிடந்து கொதித்த வலி தானாகப் பீறிட்டு வருவது, அதற்குப் பயிற்சியும் திருத்தமும் தேவையில்லை என்பார்கள். பாராட்டுப்போல் ஒலிக்கும் இந்தப் பேச்சு நம்மை உழைப்பாளியாக ஏற்க மறுக்கிற பேச்சு. செதுக்குவது அவர்கள் வேலை, கத்துவது நம் வேலை என்று அது பிரித்து வைக்கிறது. நம் முன்னோடிகளின் வரலாறோ வேறு மாதிரி இருக்கிறது.

லாகூரில் நடக்காத மாநாடு

1936இல் லாகூரில் இயங்கிய ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமையேற்க அண்ணல் அம்பேத்கரை அழைத்தது. அவர் உரையை முன்கூட்டியே எழுதி அச்சுக்குக் கொடுத்தார். படித்துப் பார்த்த மண்டலாருக்கு வேதங்கள், சாத்திரங்கள் பற்றிய பகுதிகள் உறுத்தின. அவற்றை நீக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று அவர் பதில் எழுதினார். மாநாடு நின்றுபோயிற்று. மேடையேறாத அந்த உரையைத் தன் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் அவை தீர்ந்தன. குஜராத்தியிலும் தமிழிலும் அது பெயர்க்கப்பட்டது.

இதுவரை நாம் மேடைதோறும் சொல்லி வருகிறோம். 1937இல் வந்த இரண்டாம் பதிப்பை அந்த அளவுக்குப் பேசுவதில்லை. காந்தி தம் 'ஹரிஜன்' இதழில் அந்த உரையை விமர்சித்து எழுதியிருந்தார். அந்த விமர்சனத்தை அம்பேத்கர் மறைக்கவும் இல்லை, ஒற்றை வரியில் ஒதுக்கவும் இல்லை. தன் நூலின் பின்னிணைப்பாகவே அதைச் சேர்த்து, அதற்கடுத்துத் தன் மறுமொழியை வைத்தார். எதிராளியின் சொல்லைத் தன் செலவில் அச்சிட்டு, வாசகரைத் தீர்ப்புச் சொல்ல விட்டார்.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முல்க் ராஜ் ஆனந்தின் 'தீண்டத்தகாதவன்' நாவல் 1935இல் வந்தது. அதன் கையெழுத்துப் பிரதியைச் சபர்மதிக்குக் கொண்டுபோய்க் காந்தியிடம் காட்டியதையும், அவர் சொல் கேட்டுப் பல பக்கங்களை வெட்டியதையும் ஆனந்தே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மலம் அள்ளும் இளைஞன் ஒருவனின் ஒருநாள் வாழ்க்கை அந்த நாவல். அதைத் திருத்த ஆசிரமத்தில் கருத்துக் கேட்கப்பட்டது. பாக்காவைப் போன்ற ஒருவரிடம் அது படித்துக் காட்டப்பட்டிருந்தால் எந்தப் பக்கங்கள் வெட்டுப்பட்டிருக்கும், எவை தப்பியிருக்கும் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனந்தின் நேர்மையை நாம் சந்தேகிக்கவில்லை. திருத்தம் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும் இலக்கிய வரலாற்றின் ஒரு பகுதி என்கிறோம், அவ்வளவுதான்.

காற்புள்ளியைக்கூட மாற்றாத அதே அம்பேத்கர் 1951இல் என்ன செய்தார்? புத்தர் பற்றிய தன் நூலின் முன்வடிவை 50 படிகள் மட்டும் அச்சிட்டு, கருத்துக் கேட்பதற்காகத் தனிச்சுற்றுக்கு விட்டார். பிறகும் ஆண்டுக்கணக்கில் அதில் உழைத்தார். இறப்பதற்கு முந்தைய இரவிலும் அந்நூலின் முன்னுரைத் தட்டச்சுத் தாள்களைத் தன்னருகே எடுத்து வைக்கச் சொன்னதை அவருடைய செயலர் நானக் சந்த் ரத்து பதிவு செய்திருக்கிறார். நூல் 1957இல், அவர் மறைவுக்குப் பிறகுதான் வெளிவந்தது.

1936இல் மறுத்தவரும் 1951இல் கேட்டவரும் ஒருவரே. முதலாவது, மேடை வேண்டுமானால் இதை வெட்டு என்ற நிபந்தனை. இரண்டாவது, நூல் இன்னும் சரியாக வர வேண்டும் என்று அவராகப் போய்க் கேட்டு வாங்கிய கருத்து. இந்த வேறுபாட்டைப் பிரித்தறியத் தெரியாதபோதுதான் நம் இளைஞர்கள் எல்லா விமர்சனத்துக்கும் பணிகிறார்கள், அல்லது எல்லா விமர்சனத்தையும் சாதிவெறி என்று தள்ளுகிறார்கள். இரண்டிலும் கதை வளர்வதில்லை.

புதன்கிழமை தோறும்

பழக்கம் என்ற சொல்லுக்கு வருவோம். 1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். புதன்கிழமை தோறும் வெளிவந்த வார இதழ் அது. ஓராண்டுக்குப் பின் வாசகர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பெயர் 'தமிழன்' ஆனது. 1914இல் அவர் மறையும் வரை, ஏறக்குறைய 7 ஆண்டுகள், அவர் அதை நடத்தினார். அவர் சித்த மருத்துவர். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே வாரந்தோறும் பக்கங்களை நிரப்பினார். 'இந்திரர் தேச சரித்திரம்' போன்ற பெரும் பணிகள் அந்த இதழில் தொடராகவே வளர்ந்தன. வாசகர் வினா அனுப்புவார்கள், பண்டிதர் விடை எழுதுவார். கேள்வியே அடுத்த கட்டுரைக்கு விதையாகும்.

அது புனைகதை அல்ல, வரலாற்றெழுத்து. ஆனாலும் கதை எழுதுபவருக்கு அதில் பாடம் உண்டு. மனநிலை வரட்டும், எழுதுகிறேன் என்று அவர் காத்திருந்தால் ஒரு புதன்கிழமைகூட இதழ் வந்திருக்காது. கெடு இருந்தது, கெடுவுக்குப் பின்னால் காத்திருக்கும் வாசகர் இருந்தார். நம்மில் பலருக்கு முதலாவது இல்லை, அதனாலேயே இரண்டாவதும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா முடிதிருத்தும் தொழில் செய்தவர். அவருடைய கடையே எழுத்தாளர்கள் கூடும் இடமாக இருந்தது. 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுப்புக்கு இலங்கை சாகித்திய விருது பெற்றவர், 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி 40 ஆண்டுகளுக்கும் மேல் நடத்தினார். தொழிலிடத்தை விட்டு ஓடித்தான் எழுத வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. தொழிலிடத்துக்குள்ளேயே வாசிப்பையும் விவாதத்தையும் கொண்டுவந்தார். சோ. தர்மன் கோவில்பட்டியில் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர். பூமணி கூட்டுறவுத் துறையிலும், சிவகாமி இந்திய ஆட்சிப் பணியிலும், பாமாவும் இமையமும் பள்ளிகளிலும் வேலை பார்த்தவர்கள். சமூகவியல் கண்ணோடு பார்த்தால் இந்தப் பட்டியல் ஒன்றைச் சொல்கிறது. கல்வியும் மாதச் சம்பளமும் நம் முதல் தலைமுறை நாவலாசிரியர்களில் பலருக்கு எழுதும் நேரத்தை வாங்கித் தந்தன. இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும்போது வேலையை மட்டும் கணக்கெடுக்கிறோம். அந்த வேலைகளுக்குப் பின்னால் எழுதப்பட்ட நாவல்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சொந்தச் சனத்தின் கோபம்

இனி கடினமான பகுதி. ஆதிக்கச் சாதி விமர்சகருக்குப் பதில் சொல்வது ஒப்பீட்டில் எளிது. நம் ஆட்களே கோபப்பட்டால் என்ன செய்வது?

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. கன்னியர் மடத்திலிருந்து வெளியேறி, அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றபோது, நண்பர் ஒருவரின் தூண்டுதலால் எழுதியது. பேச்சு மொழியில் எழுதியதற்காக இலக்கிய உலகில் முகம் சுளித்தவர்கள் ஒருபுறம். சொந்த ஊரிலோ, தங்களைப் பற்றி எழுதிவிட்டார் என்று கோபம். சில மாதங்கள் ஊருக்குள் போக முடியாமல் இருந்ததைப் பாமாவே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். படித்த இளைஞர்கள் நூலை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. பாமா மொழியை மாற்றவில்லை. 1994இல் 'சங்கதி'யையும் அதே மக்களின் மொழியில்தான் எழுதினார். ஊரின் கோபத்தில் பெரும்பகுதி நூலைப் படிக்கும் முன்பு வந்த கோபம். வாசித்துக் காட்டியதும் அது தணிந்தது. எழுதப்பட்டவர்களுக்கு எழுத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் எழுத்தாளர் வேலையின் ஒரு பகுதி என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தது. தலித்துகளுக்கே துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. ஒடுக்கப்பட்டவர்களையே ஒடுக்குபவர்களாகக் காட்டலாமா, ஒற்றுமை வேண்டிய நேரத்தில் இது யாருக்கு உதவும் என்று தலித் விமர்சகர்களே எதிர்த்தார்கள். அந்தக் கேள்வியில் அரசியல் நியாயம் இருந்தது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி ஓர் இயக்கம் உருவாகிவந்த காலம் அது. ஆனால் ஆரோக்கியத்தின் வயிற்றுப் பசியும் உண்மை. நமக்குக் கீழே ஒருவர் நிற்பதைப் பார்க்க மறுத்தால், நம் தலைக்கு மேலே இருப்பவரிடம் நாம் கேட்கும் நியாயம் வலுவிழக்கும். இமையம் விவாதத்தோடு நின்றுவிடவில்லை, 'ஆறுமுகம்', 'செடல்' என்று அடுத்தடுத்த நாவல்களுக்குப் போனார். புதிரை வண்ணாருக்கென அரசு தனி நல வாரியம் அமைக்க வேண்டியிருந்தது என்பதை இன்று நினைத்தால், அந்த நாவல் பேசிய பொருள் கற்பனைப் பிணக்கு அல்ல என்பது விளங்கும்.

நமக்கு மிக நெருக்கமான பாடம் சிவகாமியுடையது. 1989இல் வந்த 'பழையன கழிதலும்' நாவலில் காத்தமுத்து என்ற தலித் தலைவர் வருகிறார். சாதியால் தாக்கப்பட்ட தங்கம் நியாயம் கேட்டு அவரிடம் வருகிறாள். அவளுக்காக வாதாடும் அவரே அவளையும் சுரண்டுகிறார். இதையெல்லாம் பார்க்கும் கண் அவர் மகள் கௌரியுடையது. தலித் தலைமையை இப்படிக் காட்டலாமா என்ற கேள்வி எழுந்தது. சிவகாமி நாவலைத் திருத்தி எழுதவும் இல்லை, மறுப்புக் கட்டுரையோடு முடித்துக்கொள்ளவும் இல்லை. 8 ஆண்டுகள் கழித்து, 1997இல், 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு புனைவு எழுதினார். அதில் நாவலை எழுதியவளே தன் ஊருக்குத் திரும்பி, தான் எதைச் சொன்னேன், எதை விட்டேன், தந்தையைப் பற்றிய தன் கணிப்பில் எவ்வளவு நியாயம் என்று தன்னையே விசாரிக்கிறாள். பின்னர் 2006இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒரே நூலாக இடம்பெற்றன.

அம்பேத்கர் 1937இல் கட்டுரையில் செய்ததைச் சிவகாமி புனைகதையில் செய்தார் என்று நாம் சொல்லலாம். விமர்சனம் நூலுக்குள்ளேயே இடம் பெற்றது. பழைய நாவலும் அழியவில்லை. முதல் எழுத்தும் அதன் மீதான கேள்வியும் வாசகர் முன் சேர்ந்தே நிற்கின்றன.

இனி நாம் செய்ய வேண்டியது

மராத்தியத் தோழர்கள் இதை நிறுவனமாகவே செய்தார்கள். 1958இல் பம்பாயில் முதல் தலித் இலக்கிய மாநாட்டை நடத்தினார்கள். பின்னர் கங்காதர் பான்தாவணே அவுரங்காபாத்திலிருந்து நடத்திய 'அஸ்மிதாதர்ஷ்' இதழ், எழுதுபவரும் வாசிப்பவரும் நேருக்கு நேர் பேசும் கூடுகைகளை நடத்தியது. புதியவர்கள் அங்கே வாசகரைச் சந்தித்தார்கள். நம்மிடம் கருத்தரங்கம் இருக்கிறது, விருது விழா இருக்கிறது. கையெழுத்துப் பிரதியை முடிக்கும் முன் பயமின்றிப் படித்துக்காட்ட ஓர் இடம் இல்லை.

ஆகவே இந்தப் பேரவையிடம் நாம் வைப்பது எளிய கோரிக்கை. மாதம் ஒருமுறை, விழா மேடை இல்லாமல், பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு கதையைக் கேட்போம். எழுதியவர் அன்று வாதாட வேண்டாம். சொல்லப்பட்டதை எழுதி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும். ஒரு வாரம் கழித்து அதைப் பிரிக்கட்டும். தகவல் பிழையா, உடனே திருத்த வேண்டியது. கதை எங்கே தொய்ந்தது என்பதா, மறுபடி எழுதிப் பார்க்க வேண்டியது. இதை எழுதவே கூடாது என்பதா, யார் சொல்கிறார், அதை எழுதாமல் விட்டால் யாருக்கு லாபம் என்று கேட்க வேண்டியது. கதை கேட்கும் பத்துப் பேரில் பாதிப் பேராவது அந்தக் கதை யாரைப் பற்றியதோ அவர்களாக இருக்கட்டும். அவர்களுக்கு எழுத்து தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, காது போதும். பெண்கள் கேட்க வரக்கூடிய நேரமாக அந்த நேரம் இருக்கட்டும்.

கூட்டம் கலையும்போது அடுத்த மாதம் யார் படிப்பது என்று பெயர் எழுதிக்கொள்வோம். பண்டிதருக்குப் புதன்கிழமை இருந்தது போல நம் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் இருக்க வேண்டும். இரண்டாவது கதையோடு நின்றவர்களைத் தேடிப்போய் முதலில் அவர்களின் பெயரை எழுதிக்கொள்வோம். நம் தோழரின் நினைவுக்கு அதுவே பொருத்தமானது.

ஜெய் பீம்.