கடிகாரம் யார் கையில்?

கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்த பாட்டுகளை நல்ல ஆம்ப்ளிஃபையரில் கேட்க ஆசைப்பட்டு டி.ஏ.சி. (எண்களை மறுபடி ஒலியாக்கும் பெட்டி) வாங்கும் நம்மவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். ஆப்டிகலா, கோஆக்ஸியலா, யூ.எஸ்.பி.யா? கடைக்காரரைக் கேட்டால் விலை கூடிய கேபிளைக் காட்டுவார். பணத்தை எடுக்கும் முன் கொஞ்சம் வரலாறு பார்த்துவிடலாம். எழுதுபவன் காமர்ஸ்காரன், அதனால் சர்க்யூட் படமெல்லாம் வராது. பயப்படாதீர்கள்!

முதலில் ஒரு கணக்கு. 1982-இல் வந்த சி.டி.யில் ஒரு விநாடி ஒலி என்பது 44,100 மாதிரிகள். ஏன் இந்த விசித்திர எண்? 1970-களின் கடைசியில் இவ்வளவு எண்களைப் பதிய வசதியாகக் கிடைத்தது வீடியோ டேப்தான். அமெரிக்க, ஜப்பான் முறையில் 245 கோடுகள் × 3 மாதிரிகள் × 60 = 44,100. ஐரோப்பிய முறையில் 294 × 3 × 50 = அதே 44,100. இரண்டு பக்கமும் டேலி ஆகிறது பாருங்கள்!

சி.டி. பிளேயரிலிருந்து இந்த எண்களை வெளியே கொண்டுவர சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்ததுதான் எஸ்பிடிஃப். தாமிரக் கம்பியில் போனால் கோஆக்ஸியல். அதையே சிவப்பு வெளிச்சமாக்கி பிளாஸ்டிக் இழையில் அனுப்பினால் ஆப்டிகல். இந்த டாஸ்லிங்க்கை 1983-இல் தொஷிபா கொண்டுவந்தது.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. எஸ்பிடிஃபில் எண்ணும் நேரமும் ஒரே கம்பியில் போகின்றன. ஒவ்வொரு மாதிரியையும் எந்தக் கணத்தில் ஒலியாக்குவது என்பதை, வருகிற சிக்னலிலிருந்தே டி.ஏ.சி. ஊகித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாளம் துளி ஆடினால் அதற்குப் பெயர் ஜிட்டர். எங்கள் பாஷையில் சொன்னால், செக்கில் தொகை சரி, வேல்யூ டேட் தப்பு. வட்டி இடிக்கும். இங்கிலாந்தின் எஸெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் டன், மால்கம் ஹாக்ஸ்ஃபோர்ட் இருவரும் 1992-இலேயே, இந்த இணைப்பு முறையிலேயே குறை இருக்கிறதா என்று ஆய்வுக் கட்டுரையில் கேட்டுவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் வந்ததும் இன்னொரு தொல்லை. 1998-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டு உள்ளே 48,000-இல் மட்டுமே ஓடும். சி.டி.யின் 44,100-ஐ அதற்கு மாற்றித்தான் வெளியே விடும். ரூபாயை டாலராக மாற்றும்போது கமிஷன் போகுமே, அந்த மாதிரி.

அதே 1998-இல் யூ.எஸ்.பி. ஒலிக்கான விதிமுறை வந்தது. 'அசின்க்ரனஸ்' முறை அதிலேயே இருந்தது. கடிகாரம் டி.ஏ.சி.யிடம் இருக்கும். "கொஞ்சம் வேகமாக அனுப்பு, கொஞ்சம் மெதுவாக அனுப்பு" என்று அது சொல்ல, கம்ப்யூட்டர் கேட்டு நடக்கும். ஆனால் ஆரம்பகால மலிவு சிப்புகள் பலவும் கம்ப்யூட்டரின் தாளத்துக்கே ஆடின. "யூ.எஸ்.பி. மட்டம்" என்ற பழைய பேச்சு அந்தக் காலத்து மிச்சம். அசின்க்ரனஸ் பரவலானதும் நிலைமை மாறியது. அடுத்த விதிமுறையான யூ.எஸ்.பி. ஆடியோ 2-க்கான டிரைவரை விண்டோஸ் 10, 2017-இல் தானாகவே தர ஆரம்பித்தது. மறுபக்கம், 2016 மேக்புக் ப்ரோவில் ஆப்டிகல் வழியையே ஆப்பிள் எடுத்துவிட்டது.

ஆக, எதை எடுப்பது?

உங்கள் டி.ஏ.சி. அசின்க்ரனஸ் என்றால் யோசிக்காமல் யூ.எஸ்.பி. சாதாரண கேபிளே போதும்.

லேப்டாப் சார்ஜரைச் செருகினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைகிறதா? ஆப்டிகலுக்குப் போங்கள். அதில் மின் தொடர்பே கிடையாது, அந்த வழியாக இரைச்சல் ஏறாது.

கோஆக்ஸியல்தான் இருக்கிறது என்றால் 75 ஓம் கேபிளாகப் பாருங்கள். கேபிள் டி.வி. வயரும் 75 ஓம்தான்!

எதை எடுத்தாலும் விண்டோஸ் ஒலி அமைப்பில் 44,100 என்று வைத்துவிடுங்கள், சி.டி. பாட்டுக்குக் கமிஷன் போகாது.

ஊரிலிருந்து பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்த சி.டி.க்களை ராத்திரி கண்விழித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த நாகஸ்வரம் இந்த வீட்டிலும் சுத்தமாகக் கேட்க வேண்டும். அதற்குக் கேபிளில் கொட்டும் பணத்தைவிட, கடிகாரம் யார் கையில் என்று கேட்பதே பெரிய லாபம். மிச்சமாகும் பணத்தில் இன்னும் நாலு சி.டி. வாங்கலாம்.