பனிக்குள் புதைத்த கோதுமை

1929-ஆம் ஆண்டு. உக்ரைனின் பொல்தாவா வட்டாரத்தில் கார்லோவ்கா என்ற ஊர். டெனிஸ் லைசென்கோ என்ற விவசாயி, குளிர்காலக் கோதுமை விதையை நனைத்துச் சாக்கில் கட்டிப் பனிக்குள் புதைத்தார். வசந்தம் வந்ததும் வெளியே எடுத்து அரை எக்டேர் நிலத்தில் விதைத்தார். அது இலையுதிர் காலத்தில் விதைக்க வேண்டிய ரகம். குளிர் முழுக்க மண்ணில் கிடந்தால்தான் அடுத்த கோடையில் கதிர் விடும். வசந்தத்தில் விதைத்தால் புல்லாகவே தழைத்து நின்றுவிடும். டெனிஸின் நிலத்தில் அது கதிர் விட்டது. அப்படிச் செய்யச் சொன்னவர் அவருடைய மகன் த்ரோஃபிம்.

அந்தச் சாக்குமூட்டை பிரிக்கப்பட்ட இருபது ஆண்டுகளுக்குள் சோவியத் நாட்டில் மரபியல் என்ற துறையே தடை செய்யப்பட்டது. அதைக் காக்க நின்றவர்களில் சிலர் சிறையில் செத்தார்கள், சிலர் சுடப்பட்டார்கள். இன்று மரபணுக்களைத் திறப்பதும் மூடுவதும் பற்றிய எபிஜெனிடிக்ஸ் வளர்ந்துவிட்டது. அதன் பெயரைச் சொல்லி, த்ரோஃபிம் லைசென்கோ அன்றைக்குச் சொன்னது சரிதான் என்று எழுதுகிறவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். ரஷ்யாவில் புத்தகங்களே வந்திருக்கின்றன. தாவரவியல் கற்பித்தே வாழ்நாளைக் கழித்த எனக்கு இது பொறுக்கவில்லை. அந்தக் கோதுமைக்குள் நடந்தது என்னவென்று இப்போது நமக்குத் தெரியும். அது லைசென்கோவுக்குச் சாதகமான சாட்சி அல்ல.

முதலில், அந்த வித்தை லைசென்கோ கண்டுபிடித்தது அல்ல. விதையை நனைத்து, முளை லேசாக எட்டிப் பார்க்கும்போது குளிரில் வைத்தால் குளிர்காலக் கோதுமையை வசந்தத்திலும் விதைக்கலாம் என்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஜான் கிளிப்பார்ட் 1857-லேயே எழுதிவிட்டார். 1918-ல் ஜெர்மனியின் குஸ்டாஃப் காஸ்னர் அதை முறையாகச் சோதித்தார். கம்பு மாதிரி எளியவர்களின் தானியமான ரை பயிரை வெவ்வேறு வெப்பநிலைகளில் முளைக்க வைத்து, பூப்பதற்கு முன் உறைநிலையை ஒட்டிய குளிர் அதற்குத் தேவை என்று நிறுவினார். அந்தக் காஸ்னரையும் அரசியல் விடவில்லை. நாஜிகள் 1933-ல் பதவியிலிருந்து இறக்க, அவர் துருக்கிக்குப் போனார்.

1929 ஜனவரியில் லெனின்கிராடில் நடந்த மாநாட்டில் லைசென்கோ தன் ஆய்வைப் படித்தபோது, இது புதிது அல்ல என்று மாக்ஸிமோவ் என்ற தாவர உடலியல் அறிஞர் அங்கேயே சொன்னார். ஆனால் லைசென்கோவுக்கு வேறொரு அரங்கம் ஏற்கெனவே தயாராகியிருந்தது. 1927-ல் பிராவ்தா நாளிதழ் அவரை வெறுங்கால் பேராசிரியர் என்று புகழ்ந்து கட்டுரை வெளியிட்டிருந்தது. அடுத்தடுத்த இரண்டு குளிர்காலங்களில் உக்ரைனில் குளிர்காலக் கோதுமை பெரும் பரப்பில் செத்துப்போயிருந்தது. வசந்தத்தில் விதைக்க ஒரு வழி இருக்கிறது என்று விவசாயியின் மகன் ஒருவர் சொன்னால், அதிகாரிகள் கேட்காமல் இருப்பார்களா? ஒடெசாவின் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

விதையைக் குளிரில் பழக்கும் அந்த வேலை பண்ணைகளில் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடப்புத்தகம் அதைச் சொல்வதே இல்லை. கொட்டகையில் தானியத்தைக் குவித்துத் தண்ணீர் தெளிக்க வேண்டும். முளை வெளியே நீளவும் கூடாது, உள்ளே உறங்கிக்கொண்டிருக்கவும் கூடாது. அவ்வளவு ஈரம்தான். பிறகு வாரக்கணக்கில் குளிரில் வைத்து, குவியல் சூடேறாமல் இரவும் பகலும் மண்வெட்டியால் புரட்டிப் போட வேண்டும். சூடேறினால் விதை முளைத்துவிடும். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். ஊதிய விதை விதைப்புக் கருவியில் அடைத்துக்கொள்ளும். கூட்டுப்பண்ணைகளில் திணிக்கப்பட்ட இந்த வேலைக்கு எத்தனை கைகள் தேவைப்பட்டிருக்கும்! அதே கிராமங்களில்தான் 1932-33 பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள்.

விளைச்சல் கூடியதா? கான்ஸ்டான்டினோவ், லிசிட்சின், கோஸ்டோவ் என்ற மூன்று அறிஞர்கள் பல இடங்களில், பல ரகங்களில், ஐந்து ஆண்டுகள் ஒப்பிட்ட சோதனைகளின் முடிவை 1936-ல் வெளியிட்டார்கள். குறிப்பிடத்தக்க லாபம் எதுவும் இல்லை. லைசென்கோ காட்டிய கணக்குகளோ பெரும்பாலும் பண்ணை நிர்வாகிகள் நிரப்பி அனுப்பிய படிவங்கள். அந்தப் படிவத்தில் குறைவான எண்ணை எழுதும் துணிச்சல் அந்தக் காலத்தில் யாருக்கு இருந்திருக்கும்?

இதுவரை நடந்தது மிகைப்படுத்தல். அடுத்து வந்ததுதான் விபரீதம். குளிரில் பழக்கிய செடியின் குணம் அதன் சந்ததிக்கும் போகும், குளிர்காலக் கோதுமையையே வசந்தகாலக் கோதுமையாக மாற்றிவிடலாம் என்றார் லைசென்கோ. 1935-ல் ‘கூப்பரேட்டோர்கா’ என்ற குளிர்கால ரகத்தைப் பசுமைக்குடிலில் வளர்த்து அதற்கு ஆதாரம் காட்டினார். அந்தச் சோதனையின் தொடக்கத்தில் இருந்தவை இரண்டே செடிகள். அதிலும் ஒன்று செத்துப்போனது. மிஞ்சிய ஒற்றைச் செடியின் வாரிசுகளை வைத்து மெண்டலின் விதிகளைப் பொய் என்றார். என் மாணவிகள் செய்முறைப் பதிவேட்டில் ஒரே செடியை வைத்து முடிவு எழுதினால் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அதே 1935-ன் பிப்ரவரியில் கிரெம்ளினில் நடந்த கூட்டுப்பண்ணைத் தொழிலாளர் மாநாட்டில் லைசென்கோ பேசியபோது, “சபாஷ், தோழர் லைசென்கோ, சபாஷ்!” என்று குரல் கொடுத்தவர் ஸ்டாலின்.

நிக்கலாய் வாவிலோவை நினைக்கும்போதுதான் மனம் அதிகம் வலிக்கிறது. உலகம் முழுக்க அலைந்து பயிர் விதைகளைச் சேர்த்த மனிதர். லைசென்கோவின் முறையைத் தொடக்கத்தில் ஆர்வத்தோடு வரவேற்றவரும் அவரே. வெவ்வேறு பருவத்தில் பூக்கும் கோதுமைகளை ஒரே நேரத்தில் பூக்க வைத்தால், தன் சேகரிப்பில் உள்ளவற்றை ஒன்றோடொன்று கலப்பு செய்யலாமே என்று கணக்குப் போட்டார். குளிர் முறையை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதில் அந்தக் கணக்கு மிகச் சரியானது. குளிரின் விளைவு சந்ததிக்குப் போகும் என்பதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. 1940 ஆகஸ்ட் 6 அன்று, மேற்கு உக்ரைனில் செடி சேகரிக்கப் போன இடத்தில் கைது செய்யப்பட்டார். முதலில் மரண தண்டனை, பிறகு அது 20 ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. 1943 ஜனவரி 26 அன்று சரடோவ் சிறையில், பசியில் உடல் நலிந்து இறந்தார். அவருடைய சகாவான கார்பெசென்கோ, முள்ளங்கியையும் முட்டைக்கோசையும் கலந்து புதுச் செடி உண்டாக்கியவர், 1941-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1948 ஆகஸ்டில் வேளாண் அகாதமியின் கூட்டத்தில், தன் அறிக்கையைக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு பார்த்து ஏற்றுக்கொண்டுவிட்டது என்று லைசென்கோ அறிவித்தார். அதோடு விவாதம் முடிந்தது. 1964-ல் குருஷ்சேவ் வீழ்ந்த பிறகே லைசென்கோவின் பிடி தளர்ந்தது.

நம் ஊர்ப் பாடத்தில் இந்தக் குளிர் முறை தட்பப்பதனம் என்ற தலைப்பில் ஒரு பத்தி. அதில் லைசென்கோவின் பெயர் இருக்கும், வாவிலோவின் பெயர் இருக்காது. நீலகிரியில் பாடம் நடத்தியதால் எனக்கு ஒரு வசதி இருந்தது. டிசம்பர், ஜனவரி உறைபனிக்குப் பிறகு கேரட் தோட்டத்தில் அங்கங்கே தண்டு நீண்டு, வெள்ளையாகக் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும். மாணவிகளைக் கூட்டிப்போய் அப்படி ஒன்றைப் பிடுங்கச் சொல்வேன். கிழங்கை வெட்டினால் நடுத்தண்டு விறகாக இருக்கும். “பூவெடுத்துட்டா போச்சு டீச்சரம்மா, மாட்டுக்குத்தான்” என்பார் தோட்டக்காரர். சமவெளியில் நட்ட அதே ரகம் பூக்காது. சேர்த்து வைத்த சத்தையெல்லாம் பூவுக்குக் கொடுத்துவிட்ட கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு, குளிர் அதற்குள் என்ன செய்தது என்று மாணவிகள் கேட்பார்கள். நான் பாடம் நடத்தத் தொடங்கிய காலத்தில் அதற்கு யாரிடமும் முழு விடை இல்லை.

விடையை நோக்கிப் போனவர்கள் மாஸ்கோவின் ஆரவாரத்துக்கு வெளியே இருந்தார்கள். லண்டனில் ஆலிவ் பர்விஸ் என்ற பெண் விஞ்ஞானி ரை விதையிலிருந்து கருவை மட்டும் பிரித்தெடுத்துக் குளிரில் வைத்தார். அந்தத் துளிக் கருவே குளிரை உணர்ந்தது. தாய்ச்செடியின் கதிரில் முற்றிக்கொண்டிருக்கும் கருவும் உணர்ந்தது. ஜெர்மனியில் மெல்கர்ஸும் லாங்கும் ஹென்பேன் செடியைக் குளிரில் வைத்து எடுத்தார்கள். அது பூக்க நீண்ட பகலும் வேண்டும். அதைக் கொடுக்காமல் 190 நாட்கள் காக்க வைத்தார்கள். பிறகு நீண்ட பகல் கொடுத்ததும் பூத்தது. அதற்குள் பழைய இலைகள் போய்ப் புது இலைகள் வந்தாகிவிட்டது, செல்கள் எத்தனையோ முறை பிரிந்தாகிவிட்டது. குளிரை நேரில் அனுபவிக்காத செல்களும் அதை அறிந்திருந்தன. நம் நாட்டில் அல்மோராவில், ஜகதீஷ் சந்திர போஸின் மாணவரான போஷி சென் கடுகை வைத்து இதே துறையில் உழைத்தார். அவரையும் நாம் மறந்துவிட்டோம்.

செல்லுக்குச் செல் கடந்து போகும் அந்த நினைவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? 1999-ல் அமெரிக்காவின் மாடிசனிலும் ஆஸ்திரேலியாவின் கான்பராவிலும் தனித்தனியாக ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அரபிடாப்சிஸ் என்ற சின்னக் களைச்செடியில் உள்ள எஃப்எல்சி. அது விழித்திருக்கும்வரை பூப்பதைத் தடுக்கும். குளிர் அதை உறங்க வைக்கிறது. எப்படி என்பதை இங்கிலாந்தின் நார்விச்சில், ஜான் இன்னஸ் மையத்தில் கரோலின் டீன் குழுவினர் பல ஆண்டுகள் விடாமல் தேடினார்கள். டிஎன்ஏ இழை ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல், நூல்கண்டில் நூல் போல, சுற்றப்பட்டிருக்கிறது. நீண்ட குளிரில் விஐஎன்3 என்ற புரதம் மெல்ல மெல்லச் சேர்கிறது. பாலிகோம்ப் என்ற புரதக் கூட்டத்தோடு சேர்ந்து, எஃப்எல்சியின் ஒரு சிறு பகுதியில் உள்ள ஹிஸ்டோன்களின் மேல் மெத்தில் குறிகளை இடுகிறது. வெயில் திரும்பியதும் அந்தக் குறி மரபணு முழுவதும் பரவி அதை மூடிவிடுகிறது. செல் பிரியும்போது குறியும் புதுச் செல்களுக்குப் போகிறது. மரபணுவின் எழுத்து ஒன்றுகூட மாறுவதில்லை.

குளிர் நான்கு வாரம் என்றால் கொஞ்சம், எட்டு வாரம் என்றால் அதிகம் என்று அளவாக இது நடப்பது எப்படி? அதற்கு 2011-ல் வந்த விடையை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஒரு செல்லில் அரைகுறை மூடல் கிடையாது, திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். குளிர் நீள நீள, மூடிக்கொண்ட செல்களின் எண்ணிக்கைதான் கூடுகிறது. குளிர்காலம் எத்தனை நீளம் என்பதைச் செடி இப்படித்தான் குறித்து வைக்கிறது.

கோதுமையின் ஏற்பாடு கொஞ்சம் வேறு. அங்கே விஆர்என்1 என்ற மரபணுவைக் குளிர் திறந்துவிடுகிறது. வசந்தகாலக் கோதுமைகளில் பலவற்றில் இந்த மரபணுவின் எழுத்திலேயே மாற்றம் இருக்கிறது. அதனால்தான் அவை குளிருக்குக் காத்திருப்பதில்லை, அந்தக் குணம் தலைமுறை தலைமுறையாகப் போகிறது. குளிர்காலக் கோதுமைக்கும் வசந்தகாலக் கோதுமைக்கும் உள்ள நிலையான வேறுபாடு, மெண்டல் விதிப்படி போகும் எழுத்து வேறுபாடு. பனியில் புதைத்து அதை உண்டாக்க முடியாது.

அப்படியானால் குளிர் இட்ட குறி விதைக்குப் போகிறதா? போவதில்லை. அரபிடாப்சிஸில் கரு உருவாகும்போது எஃப்எல்சி மறுபடி விழித்துக்கொள்கிறது, தாய் பட்ட குளிரின் குறி அழிக்கப்படுகிறது. ஒவ்வொரு விதையும் தன் குளிர்காலத்தைத் தானே கடக்க வேண்டும். இல்லாவிட்டால் இலையுதிர் காலத்தில் முளைத்த குஞ்சுச்செடி உடனே பூத்து, பனியில் கருகிச் சாகும். 2014-ல் டீன் குழு, இந்த அழிப்பு வேலைக்குத் தேவையான இஎல்எஃப்6 என்ற நொதி பழுதான செடிகளைக் கண்டறிந்தது. அவற்றில் மட்டும் தாயின் குளிர் நினைவில் ஒரு பகுதி அடுத்த தலைமுறைக்குக் கசிந்தது. லைசென்கோ எதை எல்லாச் செடிகளுக்கும் இயல்பு என்றாரோ, அது நடக்க அந்த இயந்திரம் பழுதாக வேண்டியிருந்தது.

தலைமுறை தாண்டும் குறிகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1742-ல் ஸ்டாக்ஹோம் பக்கத்துத் தீவு ஒன்றில் ஒரு மாணவர் வினோதமான லினேரியா செடியைக் கண்டார். இடமும் வலமும் மட்டும் ஒத்திருக்க வேண்டிய பூ, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஐந்து நீட்சிகளோடு இருந்தது. லின்னேயஸ் அதைக் கண்டு திகைத்து 1744-ல் ஒரு ஆய்வேடே வெளியிட்டார். இரண்டரை நூற்றாண்டு கழித்து, 1999-ல், அதே ஜான் இன்னஸ் மையத்தில் என்ரிகோ கோயன் குழு அதே வகைப் பூவை ஆராய்ந்தது. எல்சைக் என்ற மரபணுவின் எழுத்து கெடவில்லை, டிஎன்ஏவின் மேல் மெத்தில் குறிகள் அப்பி அது மூடிக்கிடந்தது. அந்த மூடல் விதை வழியாக வாரிசுகளுக்கும் போகிறது. சில சமயம் குறி உதிர்ந்து, அதே செடியின் கிளையில் பழைய பூ திரும்புகிறது. இது உண்மையான எபிஜெனிடிக் மரபு. ஆனால் யாரும் செடியைப் பழக்கி அதை வரவைக்கவில்லை, அதனால் செடிக்கு நன்மை என்றும் காட்டப்படவில்லை.

மனிதர் விஷயத்திலும், கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போதும் கரு தொடங்கும் முதல் நாட்களிலும் பெரும்பாலான குறிகள் துடைக்கப்படுகின்றன. பாட்டியின் துயரம் பேத்தியின் மரபணுவில் பதிந்திருக்கிறது என்று மேடையில் பேசுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த மரபணு, எந்தக் குறி, துடைப்பில் அது எப்படித் தப்பியது? கான்ஸ்டான்டினோவும் நண்பர்களும் 1936-ல் கேட்டதும் இந்த மாதிரிக் கேள்விதான், எத்தனை வயல், எத்தனை ரகம், எத்தனை ஆண்டு என்று.