சுழலும் சக்கரமும் சமுதாயமும்

பௌதிகவியல் பாடநூலிற் 'சடத்துவத் திருப்பம்' என்னும் அத்தியாயம் வந்ததும் நம் மாணவர் பலர் சூத்திரங்களை மனனஞ் செய்யத் தொடங்கிவிடுகின்றனர். வளையம், வட்டத்தட்டு, கோல், கோளம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம். பரீட்சையில் அதை எழுதினாற் புள்ளி. அத்துடன் விடயம் முடிந்தது. அச்சூத்திரம் யாருடைய தேவையிலே பிறந்தது, இன்று யாருடைய வீட்டு விளக்கை அணையாமற் காக்கிறது என்னும் கேள்விகள் வகுப்பறையில் எழுவது அரிது.

விடை காண நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. புத்தளம் களப்பின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது வண்ணாத்திவில்லு. களப்புக்கு அப்பால், மேற்கே நீண்டு கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. அங்கே களப்பை நோக்கி ஓர் ஒல்லாந்தக் கோட்டை. கடலை நோக்கி நுரைச்சோலை அனல் மின்நிலையம். நம் சூத்திரத்தின் முந்நூற்றைம்பது ஆண்டு வரலாற்றை இவ்விரு கட்டடங்களுக்கும் இடையில் வைத்தே சொல்லிவிடலாம்.

கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667க்கும் 1676க்கும் இடையிற் கட்டினர். களப்பு வழியாகக் கண்டி இராச்சியத்துக்கு நடந்த வணிகத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவருவதே அவர்தம் நோக்கம். கோட்டைச் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1673இல், ஒல்லாந்த அறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ் ஊசற் கடிகாரம் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். நூலிற் கட்டிய சிறு குண்டின் ஊசலாட்டம் எளிது. கனமான கோல் ஒன்று ஊசலாடும்போதோ, அதன் ஒவ்வொரு துணுக்கும் அச்சிலிருந்து வெவ்வேறு தூரத்தில் உள்ளது. முழுக்கோலும் எந்தக் கதியில் ஆடும்? ஒவ்வொரு துணுக்கின் திணிவையும் அதன் தூரத்தின் வர்க்கத்தாற் பெருக்கிக் கூட்டவேண்டும் என்பதை ஹைகன்ஸ் கண்டார்.

இது வெறும் அறிவு விளையாட்டன்று. நடுக்கடலிற் கப்பல் எந்த நெடுங்கோட்டில் நிற்கிறது என்றறிய, பிசகாத கடிகாரம் வேண்டும். 1686–87இல் ஹைகன்சின் கடிகாரங்கள் நன்னம்பிக்கை முனைக்குச் சென்ற கப்பலொன்றிற் பரீட்சிக்கப்பட்டன. அக்கப்பல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தமானது. கற்பிட்டியில் கோட்டை எழுப்பிய கம்பெனியும் அதுவே! விஞ்ஞானம் வானத்திலிருந்து விழுவதில்லை. தன் காலத்தின் கடைத்தெருவிலும் துறைமுகத்திலும் பிறக்கிறது. ஆனாற் பிறந்தபின் அது எந்தக் கம்பெனிக்கும் உரிமையாவதில்லை. 1765இல் ஒயிலர் திண்பொருள்களின் இயக்கம் பற்றிய தம் நூலில் இவ்வளவுக்குச் 'சடத்துவத் திருப்பம்' என்ற பெயரை நிலைநாட்டி, அதனை எல்லோருக்கும் பொதுவான கருவியாக்கினார்.

கருத்து எளியது. கதவைப் பிணைச்சலுக்கு அருகே தள்ளினால் அசைய மறுக்கிறது. விளிம்பிலே தள்ளினால் இலகுவில் திறக்கிறது. விசையை அச்சிலிருந்துள்ள செங்குத்துத் தூரத்தாற் பெருக்க வருவது முறுக்கம். அம்முறுக்கத்துக்குப் பொருள் காட்டும் பிடிவாதமே சடத்துவத் திருப்பம். முறுக்கத்தை அதனால் வகுத்தாற் கோண ஆர்முடுகல் கிடைக்கும்.

இதிலுள்ள நுட்பத்தைக் குயவர் நூலின்றியே அறிந்திருந்தனர். சக்கரத்தின் விளிம்பிற் களிமண் அப்பிக் கனமேற்றினால், ஒருமுறை சுழற்றிவிட்டது நெடுநேரம் சுழலும். கணக்கிட்டுப் பார்ப்போம். நாற்பது கிலோகிராம் திணிவும் அரை மீற்றர் ஆரையும் கொண்ட சீரான வட்டத்தட்டின் சடத்துவத் திருப்பம் 5 அலகு. அதே திணிவு முழுவதும் விளிம்பில் வளையமாக இருந்தால் 10 அலகு. பத்து நியூற்றன் மீற்றர் முறுக்கம் தட்டிற்கு 2 ஆர்முடுகலைத் தரும். வளையத்துக்கோ 1 மட்டுமே. கனம் எவ்வளவு என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் கேள்வியாகிறது. 1780களில் ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரம் ஆலைகளைச் சுழற்றத் தொடங்கியபோது, முசலத்தின் விட்டுவிட்டு வரும் உந்தலைச் சீராக்கியது இதே நுட்பத்தாலான பாரச் சக்கரமே.

இனி நுரைச்சோலைக்கு வருவோம். சீனக் கடனுதவியுடன் எழுந்த இந்நிலையத்தின் முதல் அலகு 2011இலும், மூன்றும் முழுமையாக 2014இலும் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 300 மெகாவாட். அங்கு சுழலிகள் நிமிடத்துக்கு 3000 முறை சுழல்கின்றன. நம் வீட்டு மின்சாரத்தின் ஐம்பது ஹேர்ட்ஸ் அதிர்வெண் இச்சுழற்சியின் மறுபெயர். அங்குள்ளது குயவன் சக்கரத்தின் பேரப்பிள்ளை எனலாம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணியளவில் பாணந்துறைத் துணை மின்நிலையத்திற் கோளாறு ஏற்பட, நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் அடங்கின. அடுத்த நாட்களில் முறைவைத்து மின்வெட்டு. குரங்கொன்றே காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். உலகம் நகைத்தது. ஒரு குரங்கினால் ஏன் ஒரு நாடே இருளவேண்டும் என்ற கேள்விக்குரிய விடை பாடநூலின் அந்த அத்தியாயத்தில் இருந்தது.

விடுமுறை நாளில் மின்தேவை குறைவு, வெயிலோ உச்சம். எனவே மின்சாரத்தின் பெரும்பங்கு சூரிய மின்தகடுகளிலிருந்து வந்தது. சுழலும் பொறிகள் சிலவே இயங்கின. தகட்டிற் சுழலும் திணிவு இல்லை. வலையமைப்பின் சடத்துவம் குறைந்திருந்தது என இலங்கை மின்சார சபையும் விளக்கியது.

கணக்குக்காக, சுழலியும் மின்பிறப்பாக்கியும் சேர்ந்த ஒரு சுழலியின் சடத்துவத் திருப்பம் 20,000 அலகு எனக் கொள்வோம். அதன் கோணவேகம் செக்கனுக்கு 314 ஆரையன். திடீரென 300 மெகாவாட் பற்றாக்குறை இதன் தலையில் மட்டும் விழுந்தால், எதிர்முறுக்கம் ஏறத்தாழ ஒன்பதரை இலட்சம் நியூற்றன் மீற்றர்; அமர்முடுகல் ஏறத்தாழ 48. ஒரே செக்கனில் ஐம்பது ஹேர்ட்ஸ் நாற்பத்திரண்டுக்குச் சரியும். அதற்கு வெகுமுன்னரே காப்புக் கருவிகள் பொறியைத் துண்டித்துவிடும். இத்தகைய பத்துச் சக்கரங்கள் ஒன்றாய்ச் சுழன்றாற் சரிவு பத்திலொன்றாகும். மற்றப் பொறிகள் கைகொடுக்க அவகாசம் கிடைக்கும். சடத்துவம் நமக்கு வாங்கித் தருவது அந்தச் சில செக்கன்களையே.

அப்படியாயின் சூரியன் குற்றவாளியா? அவ்வாறு முடிவுகட்ட விரும்புவோர் உளர். கற்பிட்டிக் கரை மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டுவரும் நிலக்கரித் தூசியையும் சாம்பலையும் அவர்கள் மறந்துவிடுகின்றனர். தென் ஆஸ்திரேலியாவும் 2016 செப்டெம்பர் 28இல் முற்றாக இருண்டது. அது காற்றையும் வெயிலையும் கைவிடவில்லை. 2017இற் பெரும் மின்கல நிலையம் ஒன்றை அமைத்தது. 2021இல் பாரச் சக்கரம் பூட்டிய நான்கு ஒத்தியங்கு பொறிகளை நிறுவியது. எரிபொருளே இன்றி, வலையமைப்புடன் சேர்ந்து சுழன்றுகொண்டிருப்பதே இவற்றின் தொழில். குயவனின் கனத்த விளிம்பு மீண்டும் வந்துவிட்டது!

ஆகவே குறை வெயிலில் இல்லை; முன்கூட்டித் திட்டமிடாமையில் இருக்கிறது. மின்தகடுகளை நாடெங்கும் பெருக்கும்போது, அவற்றுக்கு ஈடான மின்கலங்களையும் சக்கரங்களையும் நிறுவும் கடமை பொது நிறுவனத்துக்கு உண்டு. அக்கடமையைக் கேட்டுப் பெற, மக்களுக்கு விடயம் விளங்கவேண்டும். விளங்காத மக்களுக்குக் குரங்கைக் காட்டினாற் போதும்.

ஆசிரிய நண்பர்களே, அடுத்தமுறை கரும்பலகையில் வளையத்தின் சூத்திரத்தை எழுதும்போது பக்கத்தில் ஒரு தேதியையும் எழுதுங்கள்: 2025 பெப்ரவரி 9. மாணவர் கேள்வி கேட்பர். வண்ணாத்திவில்லுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி, களப்புக்கு அப்பாலுள்ள புகைபோக்கியின் திசையைக் காட்டி, 'அந்தச் சக்கரம் ஏன் நின்றது?' என்று கேட்கக்கூடும். அக்கேள்விக்கு எண்களோடு விடை சொல்லும் வகுப்பறையே நமக்கு வேண்டியது.