சொன்னவர் யார்?

உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடப் புகுந்தபோது செய்த முதற் காரியம் எழுதுவதன்று, கேட்பது. பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழிற் காப்பியமாகக் காண வேண்டுமென வள்ளல் சீதக்காதி விழைந்தார். பாடும் ஆற்றல் எட்டயபுரத்துப் புலவரிடம் இருந்தது. வரலாறோ அரபு நூல்களில் இருந்தது. அதனை ஐயமற எடுத்துரைக்க வல்லவர், தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்திற்கு அண்மையிலுள்ள காயல்பட்டினத்தில் 1632இல் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மகான் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள். அவர்களை நாடிப் புலவர் சென்றார் என்றும், அப்பா அவர்கள் முதலில் இசையவில்லை என்றும், பின்னர் பரங்கிப்பேட்டை வரை சென்றே புலவர் தமக்கு வேண்டிய வரலாற்றுரையைப் பெற்றார் என்றும் கூறுவர். வழிவழியாக வழங்கும் செய்தி என்றே இதனைச் சொல்கின்றேன். ஆவணம் என்று சொல்லவில்லை. ஏன் இந்தக் கவனம் என்பது இக்கட்டுரை முடியுமுன் விளங்கும்.

ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைப் பாட வல்ல ஒரு மாபெரும் புலவர், இன்னாரிடம் கேட்டேன் என்று சொல்ல ஓர் ஆசானைத் தேடி ஊர் ஊராக நடந்தார். இன்று நம் வீட்டுப் பிள்ளை, திண்ணையில் அமர்ந்தபடியே விரல் நுனியால் ஒரு செய்தியை நூறு பேருக்கு அனுப்புகின்றான். யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால், ‘வாட்ஸ்அப்பில் வந்தது’ என்கின்றான். வாட்ஸ்அப் என்பது ஓர் ஆளா?

இணையத்தைப் பாதுகாப்பாகவும் பொறுப்புடனும் கையாளப் பள்ளிக்கூடங்களிலே கற்பிக்க வேண்டும் என்னும் பேச்சு இப்போது எங்கும் எழுந்துள்ளது. இதனைப் புத்தம் புதிய பாடம் என்று கருதுகின்றனர். கருவி புதிது, உண்மை. பாடம் புதிதன்று. உலகில் வேறெந்தச் சமுதாயமும் செய்தியை ஆராயும் முறையை நம் முன்னோரைப் போல் ஒரு தனிக் கலையாகவே வளர்த்ததில்லை எனத் துணிந்து கூறலாம். அந்தக் கலையின் வாரிசுகளாகிய நாம்தாம் இன்று ஆராயாச் செய்தியால் அடிபடுகின்றோம். ஆராயாச் செய்தியைப் பரப்பவும் செய்கின்றோம்.

திருமறையின் நாற்பத்தொன்பதாம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத்தில், தீயவன் ஒருவன் செய்தி கொணர்ந்தால் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்தாதபடி அதனைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறு கட்டளை வருகின்றது. இதற்குரிய நிகழ்ச்சியை விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். பனூ முஸ்தலிக் குலத்தாரிடம் ஸகாத் திரட்ட அனுப்பப்பட்டவர் அஞ்சி வழியிலேயே திரும்பி, அவர்கள் கொடுக்க மறுத்துத் தம்மைக் கொல்லவும் துணிந்தனர் என்று மதீனாவில் சொல்லிவிட்டார். உண்மையில் அம்மக்கள் அவரை வரவேற்கவே புறப்பட்டு வந்திருந்தனர். ஒரு வதந்தியால் ஒரு போர் மூள இருந்தது. விசாரணை அதனைத் தடுத்தது.

பின்னர் குழப்பங்கள் தோன்றி, பெருமானார் (ஸல்) அவர்களின் பெயரால் பொய்கள் உலவத் தொடங்கியபோது, நம் அறிஞர்கள் ஒவ்வொரு செய்தியின் முன்னும் பெயர்களின் வரிசையைக் கேட்டனர். இன்னார் இன்னாரிடமிருந்து, அவர் இன்னாரிடமிருந்து என்னும் அச்சங்கிலிக்கு இஸ்னாத் என்று பெயர். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் சோதிக்கப்பட்டது. அவர் நேர்மையானவரா? நினைவாற்றல் உடையவரா? தாம் கேட்டதாகச் சொல்லும் ஆசிரியரை உண்மையிலேயே சந்தித்தவரா? இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் இச்சந்திப்புக்குச் சான்று வேண்டுமென வற்புறுத்தினார்கள் என்பது ஹதீஸ் கலை பயில்வோர் அறிந்ததே. அறிவிப்பாளர்களின் வரலாற்றைச் சொல்லும் அஸ்மாவுர் ரிஜால் என்னும் தனித் துறையே எழுந்தது. இடையில் ஒரு பெயர் விடுபட்டுச் சங்கிலி அறுந்திருந்தால், சொல்லப்பட்ட கருத்து எவ்வளவு அழகாக இருப்பினும், அது ‘முன்கதிஃ’ எனக் குறிக்கப்பட்டுப் பலவீனமான அறிவிப்புகளின் வரிசையிலே வைக்கப்பட்டது.

இனி நம் கைப்பேசியை எடுத்துப் பார்ப்போம். ஒருவர் அனுப்பியதை மற்றொருவருக்கு நாம் மாற்றி அனுப்புங்கால், முதலில் எழுதியவர் பெயர் அதனோடு செல்வதில்லை. மாற்றி அனுப்பப்பட்டது என்னும் ஒரு சொல் மட்டுமே தலைப்பில் நிற்கும். அந்தச் சொல்லும் 2018 ஜூலையிலேதான் வந்தது. அதாவது, இக்கருவி அமைந்திருக்கும் முறையே சங்கிலியை அறுப்பதாக இருக்கின்றது. அதில் வருவனவற்றிற் பெரும்பாலானவை பிறக்கும்போதே முன்கதிஃ ஆகப் பிறக்கின்றன. இந்த ஒன்றை ஒரு மாணவனுக்கு விளங்க வைத்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

வாட்ஸ்அப் அந்தச் சொல்லைச் சேர்த்ததற்கும், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதென இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்ததற்கும் பின்னால் இரத்தம் இருக்கின்றது. 2018 மே மாதம் 9ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகேயுள்ள அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த சென்னைக் குடும்பத்து மூதாட்டி ஒருவர் வழியிற் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் வடக்கிலிருந்து வந்துள்ளனர் என்னும் செய்தி அதற்கு முன்னரே கைப்பேசிகளில் நிறைந்திருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் அம்மூதாட்டி மாண்டார். அதே ஆண்டு ஜூலை முதல் நாள் மராட்டிய மாநிலத் துலே மாவட்டத்து ரைன்பாடாவில் ஐவர் அவ்வாறே அடித்துக் கொல்லப்பட்டனர். குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது நம் நாட்டில் எந்தப் பாட்டியும் செய்யும் காரியம். அதுவே அவருக்குக் கூற்றாயிற்று.

நம் சமுதாயத்தின் அனுபவம் இதைவிட நீண்டது. 2020 மார்ச் இறுதியில், தில்லி நிஜாமுத்தீன் தப்லீக் மர்கஸுக்குச் சென்று வந்தோரிடையே கொரோனா தொற்று கண்டறியப்பட்டது. தாமிரபரணிக் கரையில் நெசவுக்குப் பெயர்பெற்ற நம் மேலப்பாளையத்திலும் தொற்று காணப்பட்டு, தெருக்கள் தடுப்புகளால் அடைக்கப்பட்டன. நோய் வந்தது உண்மை. தடுப்பு வைத்தது முறை. ஆனால் அந்நாட்களில் நாடெங்கும் என்னென்ன உலவின! முஸ்லிம்கள் சிலர் தட்டுகளையும் கரண்டிகளையும் நாவால் வழிக்கும் ஓர் ஒளிப்படக் காட்சி, நோயைப் பரப்பும் சதி என்னும் பெயரோடு சுற்றியது. அது போஹ்ரா சமூகத்தார் உணவு வீணாகாதிருக்கப் பாத்திரத்தை வழித்துண்ணும் காட்சி. 2018ஆம் ஆண்டிலேயே இணையத்தில் இருந்தது. உணவைச் சிந்தாமல் வழித்துண்பது நபிவழி என்று நம் வீட்டுக் குழந்தையும் அறியும். ஒரு சுன்னத்திலிருந்து தேதியை மட்டும் பிடுங்கிவிட்டார்கள், அது குற்றமாகிவிட்டது. 2020 ஆகஸ்ட் 21ஆம் நாள் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக் ஜமாஅத்தைச் சேர்ந்த வெளிநாட்டினர் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்து, ஊடகங்கள் செய்த பிரசாரத்தையும் கண்டித்தது. அதற்குள் எத்தனை காய்கறி வண்டிக்காரர்கள் எத்தனை தெருக்களில் திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள்!

பிறர் செய்த கொடுமையைச் சொல்லுங்கால் நாவு இனிக்கின்றது. நம்முடையதையும் சொல்லத்தான் வேண்டும். சந்திரனில் இறங்கிய நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே பாங்கோசை கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்று மேடைகளிலே முழங்கக் கேட்டு மெய்சிலிர்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அக்கதை முஸ்லிம் நாடுகளில் பரவிய வேகம் கண்டு, அது உண்மையன்று என விளக்குமாறு 1983இல் அமெரிக்க அயலுறவுத் துறை தன் தூதரகங்களுக்கு எழுத நேர்ந்தது. அப்போது இணையம் ஏது? சத்திய மார்க்கத்திற்கு அசத்தியத்தின் உதவி எதற்கு என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. அறிவிப்பாளர் வரிசையைக் கேட்டிருந்தால், சொன்னவர் சந்திரனில் இருந்தவரா என்னும் முதற் கேள்வியிலேயே அக்கதை விழுந்திருக்கும்.

2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டபோது, அதனால் பிள்ளைகளுக்குத் தீங்கு நேரும் என்னும் குரற்பதிவுகளும் எழுத்துகளும் கைப்பேசிகளில் பெருகின. அஞ்சிய பெற்றோர் பலர் ஊசி போட மறுத்தனர். அன்று பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாதவர்களும் உண்டு. எல்லாச் சமூகத்தாரும் இதிற் சிக்கினர், நாமும் சிக்கினோம். இதை எழுதுகின்றவனும் அப்படி வந்த ஒன்றை நண்பர் இருவருக்கு அனுப்பியவனே. ‘எதற்கும் தெரிந்திருக்கட்டும்’ என்பது அன்று நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம்.

இதே தடுப்பூசி வதந்தி அதே ஆண்டின் பிற்பகுதியில் மலையைத் தாண்டிக் கேரளத்திலும் வீசியது. ஆனால் அங்கே கண்ணூர் மாவட்டத்தில் அதிலிருந்து ஒரு பாடம் பிறந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராயிருந்த மீர் முஹம்மது அலி, 2018இல் ‘சத்யமேவ ஜயதே’ என்னும் பெயரில், அரசுப் பள்ளிகள் ஏறத்தாழ நூற்றைம்பதில் பொய்ச் செய்தியை இனங்காணும் வகுப்புகளைத் தொடங்கி வைத்தார். அவ்வாண்டு நிபா காய்ச்சலின்போது உலவிய வதந்திகளும் அம்முயற்சிக்கு உரமாயின. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. பின்னர் ஆசிரியர் வழியே மாணவர்களுக்கு. செய்தியின் மூலம் யாது, தலைப்புக்கும் உள்ளிருக்கும் பொருளுக்கும் பொருத்தம் உண்டா, படம் எப்போது எடுக்கப்பட்டது, நாம் விரும்புவதையே மீண்டும் மீண்டும் காட்டி இணையம் நம்மை எவ்வாறு ஒரு கூண்டிலடைக்கின்றது என்பனவெல்லாம் கற்பிக்கப்பட்டன. பின்லாந்து தன் பாடத்திட்டத்திலேயே இத்தகைய பயிற்சியை 2016 முதல் வைத்திருக்கின்றது என்று வியந்து பேசுவோர், கூப்பிடு தூரத்திலுள்ள கண்ணூரை மறந்துவிடுகின்றனர்.

வீட்டில் வதந்தியை நம்புகின்றவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். பள்ளிக்கு வருபவர்களோ பிள்ளைகள். பிள்ளையின் வழியே வீட்டுக்குள் நுழையலாம் என்பது கண்ணூர் முயற்சியின் உட்கருத்து. நெல்லைச் சீமைக்கு இது புதிதன்று. எழுத்தறியாத தாய்க்குக் கொழும்பிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டியவன் பள்ளி சென்ற மகன்தானே!

எனினும் கண்ணூர்ப் பாடத்திலும் ஒரு பகுதி நமக்குப் போதாது. செய்தியைச் சோதிப்பது ஒன்று. மனிதரின் மானத்தைக் காப்பது மற்றொன்று. 2021 ஜூலையிலும், பின்னர் 2022 புத்தாண்டு நாளன்றும், முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்கள் அறியாமலேயே எடுத்து இணையச் செயலியில் ஏலப் பொருள்போல் வைத்தார்கள் அல்லவா? செய்தியாளர், விமானி, மாணவி எனப் பலரும் அதிற் காணப்பட்டனர். வழக்கிற் கைதானோரில் 18 வயதுப் பெண் ஒருத்தி. 21 வயது மாணவன் ஒருவன். கணினியை இயக்க அவர்களுக்குக் கற்பித்தவர்கள் இருந்தனர். அக்கணினியில் தெரியும் முகம் ஒரு தாயின் மகளுடையது என்று கற்பித்தவர் இல்லை.

நம் ஊர்களில் இத்தகைய தீங்கு நேருங்கால் நடப்பது என்ன? ஒரு பெண்பிள்ளையின் படத்தை எவனோ உருமாற்றிப் பரப்புகின்றான். அல்லது பரப்புவேன் என்று மிரட்டுகின்றான். அவள் வீட்டில் சொல்ல அஞ்சுகின்றாள். சொன்னால் முதலில் கைப்பேசி பறிபோகும். அடுத்துப் படிப்பு நிற்கும். அதற்கடுத்து மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். அவ்வச்சமே மிரட்டுகின்றவனின் ஆயுதம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது நயவஞ்சகர் அவதூறு பரப்பிய நாட்களில், அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் நடந்த உரையாடலை வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். நீ அவ்வாறு செய்வாயா என்று அவர் மனைவியைக் கேட்க, மாட்டேன் என்று அம்மையார் சொல்ல, உன்னைவிட ஆயிஷா மேலானவர் என்று அவர் முடித்துவிட்டார். அவ்வீட்டின் வாசலைத் தாண்டி அச்சொல் வெளியே போகவில்லை. திருமறையின் அந்நூர் அத்தியாயம், அவதூறு கட்டியவர்களை மட்டுமன்று, கேட்டவுடன் நல்லெண்ணம் கொள்ளாது வாயிலிட்டு மென்றவர்களையும் கடிகின்றது.

ஆகவே பள்ளியில் இப்பாடம் வருங்கால், கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே, முன்பின் அறியாதவனுக்குப் படம் அனுப்பாதே என்பதோடு நின்றுவிடக் கூடாது. நடந்துவிட்டால் யாரிடம் சொல்வது என்பதையும் சொல்லித்தர வேண்டும். பிள்ளைகளுக்கு இடர் நேர்ந்தால் 1098 என்னும் எண் உண்டு. இணையப் பண மோசடிக்கு 1930 உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதோரைக் காக்க 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் உண்டு. இவற்றை நம் மாணவிகளில் எத்தனை பேர் அறிவர்? 2011இல் அரசு மடிக்கணினி வழங்கியது. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டு, பாடமே கைப்பேசியில் வந்தது. கருவி வந்த வேகத்தில் பாடம் வரவில்லை.

அப்பாடம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாளையங்கோட்டையில் 1971 முதல் சதக்கத்துல்லாஹ் அப்பா பெயராலேயே ஒரு கல்லூரி நடந்துவருகின்றது. மேலப்பாளையத்திலும் காயலிலும் மஃரிபுக்குப் பின் ஓதும் பிள்ளைகள் இருக்கின்றனர். இஸ்னாத் என்றால் என்னவென்று அறிந்த ஆலிம்கள் அங்கே இருக்கின்றார்கள். கைப்பேசியை அறிந்த இளைஞர்கள் இங்கே இருக்கின்றார்கள். இவ்விருவரையும் ஓர் அறையில், வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம் அமர்த்துவதற்கு ஜமாஅத்துக்கு ஆகும் செலவு ஒரு தேநீர்ச் செலவுதான்.

தடுப்பூசிச் செய்தி பொய்யென்று தெரிந்தபின் அந்நண்பர் இருவருக்கும் நான் மறுப்பு எழுதினேன். ஒருவர் அதனைப் படித்ததோடு விட்டிருந்தார். மற்றவர் அன்றைக்கே தம் மஹல்லாக் குழுவில் போட்டிருந்தார். என் மறுப்பை அங்கே போடுமாறு வேண்டினேன், போட்டார். மறுப்பை வேறெங்கும் மாற்றி அனுப்பியவராக ஒருவரும் இல்லை. முதலில் அனுப்பியது எந்தெந்த வீட்டுக்குப் போயிற்று, எந்தப் பிள்ளைக்கு ஊசி போடாமல் விடப்பட்டது என்பதை நான் அறியேன்.