வெட்டினவர் பேர் தெரியுமா?

வேலம்பாளையத்துத் தாய்மார்களே! ஆடி உயர்ந்தவரே பெரியவர்னு எதிரணி நண்பர் அடிச்சுப் பேசிட்டுப் போனார். நான் கேட்கிறேன். உங்க பனியன் கப்பலேறி அமெரிக்கா போகுது. அதுல கம்பெனி பேர் இருக்கு. துணியை வெட்டின கட்டிங் மாஸ்டர் பேர் இருக்கா? ஆனா அவர் கத்தரி ஒரு நூல் பிசகினா சரக்கே திரும்பிடும்!

பயிற்சியாளர் நிலையும் அதுதான். சென்னை டபிள்யூ. வி. ராமனைப் பாருங்க. 1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட். இரண்டாவது இன்னிங்ஸில் 83. 1988-89 ரஞ்சிப் போட்டிகளில் 1,018 ரன். ரூசி மோடி 1944-45இல் எடுத்த 1,008ஐத் தாண்டிய சாதனை! ஆனாலும் ஆடக் கிடைத்தது 11 டெஸ்ட்தான்.

2018 டிசம்பரில் இந்தியப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளரானார். 2020 மார்ச் 8, மெல்போர்ன். இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். 86,174 பேர் பார்க்க, 85 ரன்னில் தோற்றோம். 16 வயது ஷஃபாலி வர்மா எடுத்தது 2 ரன். 2021 மே மாதம் ராமன் பதவியும் போனது.

'தோத்த வாத்தியார்'னு எதிரணி சிரிக்குது. பொறுங்க ஐயா! 2025 நவம்பர் 2, நவி மும்பையில் ஒருநாள் உலகக் கோப்பையை வென்றோமே, அந்த இறுதி ஆட்டத்தில் 87 ரன் எடுத்தது யார்? அதே ஷஃபாலி! அன்றைய பயிற்சியாளர் அமோல் மஜும்தார், இந்தியாவுக்காக ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடாதவர்.

நானும் வாத்தியார். ஒருத்தர் போட்ட எழுத்து, இன்னொருத்தர் வகுப்பில்தான் படிப்பாகும். ஒருத்தர் வெட்டினார், இன்னொருத்தர் தைத்தார். அந்தச் சட்டையைப் போட்டு நாடே நிமிர்ந்தது. ஆகவே, தான் உயர்ந்தவரைவிடப் பிறரை உயர்த்தியவரே பெரியவர் என்று கூறி அமர்கிறேன்.